கல்லீரல் புற்றுநோய்: கீமோவும் கதிர்வீச்சும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு 35 வருஷம் மத்திய சர்க்காரில் ஃபைல் பார்த்தவன். என் மச்சினர் இந்த வியாதியோடு இருந்த பதினான்கு மாதமும் அவருடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களிடம் அலைந்தவன் நான்தான். அந்த யோக்யதையில் பேசுகிறேன்.

"நம்மாத்துல யாரும் குடிக்கறதில்லையே, இது எப்படி வந்தது?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். குடி ஒரு காரணம்தான். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் உண்டு. சர்க்கரையும் தொப்பையும் உள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, வருஷக்கணக்கில் தழும்பேறியும் வரலாம். மச்சினருக்கு இருபது வருஷமாக சர்க்கரை. கண்டுபிடித்தபோதே கட்டி போர்ட்டல் வெயின் என்ற சிரைக்குள் நுழைந்திருந்தது. ஆபரேஷனுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உடம்பு முழுக்க ஏற்றும் வழக்கமான கீமோவுக்கு இந்த நோய் அவ்வளவாக மசிவதில்லை. கதிர்வீச்சிலும் சங்கடம். முழுக் கல்லீரலும் சுமார் 30 கிரே வரைதான் தாங்கும். கட்டியை அடக்க அதற்கு மேல் வேண்டும்.

ஆனால் கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக. மீதி, தமனி வழியாக. கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தில்தான் வளர்கிறது. ஆகவே தொடையிடுக்கு வழியாக மெல்லிய டியூபை விட்டு, கட்டிக்குப் போகும் தமனிக் கிளை வரை கொண்டுபோய், டாக்சோரூபிசின் போன்ற மருந்தை லிபியோடால் என்ற எண்ணெயில் கலந்து செலுத்தி, அந்தக் கிளையையும் அடைத்துவிடுகிறார்கள். கட்டிக்கு விஷமும் பட்டினியும் ஒரே நேரத்தில்! இதற்கு 'டேஸ்' என்று பெயர். சிரைக்குள் போய்விட்ட பகுதியை இது மட்டும் அடக்குவது கஷ்டம். அதைக் குறிவைத்து, மீதிக் கல்லீரலில் முடிந்தவரை படாமல், கதிர்வீச்சு கொடுக்கிறார்கள்.

சியோல் நகரின் ஆசான் மெடிக்கல் சென்டரில், இப்படி ரத்தக்குழாய்க்குள் நோய் புகுந்த 90 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு டேஸும் கதிர்வீச்சும். மற்றதற்கு சோராஃபெனிப் மாத்திரை. முடிவு 2018-ல் வெளிவந்தது. 12 வாரம் நோய் முற்றாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 86.7 சதவீதம், இரண்டாவதில் 34.3. உயிரோடிருந்த காலத்தின் இடைநிலை அளவு 55 வாரமும் 43 வாரமும்.

"பன்னெண்டு வாரத்துக்கா இந்தப் பாடு?" என்றாள் என் மனைவி. மச்சினர் கேட்டுக்கொண்டிருந்தார். "அதுக்குள்ள பேத்தி நடக்க ஆரம்பிச்சுடுவாளே" என்றார். அதோடு விவாதம் முடிந்தது. டேஸுக்குப் பிறகு நாலு நாள் ஜுரம், வயிற்று வலி. கதிர்வீச்சு நடந்த நாட்களில் மோர் சாதம் தவிர எதுவும் இறங்கவில்லை. பேத்தி நடந்ததைப் பார்த்தார்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. 2020-க்குப் பிறகு அடிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஏற்றுவது பல இடங்களில் முதல் தேர்வாகிவிட்டது. எதைத் தொடங்கும் முன்பும் டாக்டரிடம் 'சைல்ட்-பியூ' கிரேடு என்ன என்று கேளுங்கள். பிலிரூபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், மனக் குழப்பம் ஆகிய ஐந்தையும் வைத்துப் போடும் மார்க் அது. சியோலில் சேர்த்துக்கொண்டது 'ஏ' கிரேடுகாரர்களை மட்டுமே. கட்டியின் அளவை எல்லோரும் கேட்கிறார்கள். மீதி ஈரல் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் குறைவு.

சிர்ரோஸிஸ் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களும் தங்களுக்கு அது தேவையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பின்வரிசையில் இரண்டு பேர் கை தூக்குகிறார்கள். கேள்விகளுக்கு வருகிறேன்.