ஆங்கிலப் பேராலயப் பாடலும் அதன் ருசி பேதங்களும்

கட்டுரைகள் நிறைய இருக்கின்றன, நேரம் குறைவு. ஆகவே சம்பிரதாய முன்னுரையை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியிலிருந்து செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். 1960களில் இரண்டு சிற்றாலயங்களிலும் பாடப்பட்டது அதே மாலை ஆராதனை, அதே சங்கீதங்கள், அதே இசையமைப்பாளர்கள் ஸ்டான்ஃபோர்டும் பேர்டும். கேட்டவர்களோ இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கிங்ஸில் 1957 முதல் 1974 வரை பாடகர் குழுவின் இயக்குநர் டேவிட் வில்காக்ஸ். அவருடைய சிறுவர்களின் குரலில் அதிர்வு கிடையாது. சுருதி இம்மி பிசகாது. வரியின் கடைசி மெய்யெழுத்து பதினாறு சிறுவர் வாயிலிருந்தும் ஒரே கணத்தில் விழும். செயின்ட் ஜான்ஸில் வேல்ஸ்காரரான ஜார்ஜ் கெஸ்ட், 1951 முதல் 1991 வரை. அவர் சிறுவர்களை நெஞ்சைத் திறந்து பாடவிட்டார். குரலில் காரம் இருக்கும், சற்று நடுக்கமும் இருக்கும், சொல்லில் சூடு இருக்கும். முதலாவதை ‘ஆங்கிலத் தொனி’ என்றும் இரண்டாவதை ‘ஐரோப்பியத் தொனி’ என்றும் விமர்சகர்கள் பெயரிட்டார்கள். அந்தப் பெயர்கள் நிலைத்துவிட்டதால் பெரிய குழப்பமும் நிலைத்துவிட்டது. ஒன்று பூர்வீகச் சொத்து, மற்றது இறக்குமதி என்ற எண்ணம் எல்லார் மனத்திலும் படிந்துவிட்டது.

அந்தப் பூர்வீகத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கச் சொல்வதுதான் இந்த உரையின் வேலை.

1927-ல் லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் ஜார்ஜ் தால்பன்-பால் நடத்த, எர்னஸ்ட் லஃப் என்ற சிறுவன் மெண்டல்சனின் ஆந்தம் ஒன்றின் தனிப்பகுதியைப் பாடினான். இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அன்றைய இங்கிலாந்துக்கு ‘தேவாலயச் சிறுவன் குரல்’ என்றால் அதுதான். இன்று அதைக் கேளுங்கள். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகிறது. கனிவாக, முழுமையாக, சற்று உணர்ச்சி மிகுந்தும் ஒலிக்கிறது. வில்காக்ஸ் பாணிக்கு அருகில்கூட அது வராது. லஃபுக்கு அப்போது வயது 15 என்பதையும் மறக்கக் கூடாது. இன்று பல சிறுவர்களுக்கு 12, 13 வயதிலேயே குரல் உடைந்துவிடுகிறது. அந்த முதிர்ந்த உடம்பும் நுரையீரலும் இல்லாமல் அந்த ஒலி எங்கிருந்து வரும்?

அதற்கு முன்னால் போனால் நிலைமை இன்னும் மோசம். 1640களில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பேராலயப் பாடகர் குழுக்கள் கலைக்கப்பட்டன, ஆர்கன்கள் உடைக்கப்பட்டன. 1660-ல் அரசர் திரும்பியபோது பாடத் தெரிந்த சிறுவர்களே கிடைக்கவில்லை. 1849-ல் சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லி ஒரு சிறு நூல் எழுதி, பேராலய இசை எவ்வளவு சீரழிந்து கிடக்கிறது என்று பொரிந்து தள்ளினார். 1872-ல் செயின்ட் பால்ஸுக்குப் பொறுப்பேற்ற ஜான் ஸ்டெய்னர்தான் அங்கே குழுவை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். இத்தனை முறிவுகளையும் தாண்டி, உள்நாட்டுப் போருக்கு முந்திய டாலிஸ், பேர்ட், கிப்பன்ஸ் எழுதிய தாள்கள் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. அவர்கள் காலத்துத் தொண்டை வந்து சேரவில்லை.

அப்படியானால் கிங்ஸ் தொனி எங்கிருந்து வந்தது? என் கணிப்பில் பாதிக் காரணம் கட்டடம், கால்வாசி மைக்ரோஃபோன். அந்தச் சிற்றாலயத்தின் விசிறிக் கூரையில் பட்ட ஒலி எளிதில் அடங்காது. அங்கே குரலை அள்ளி வீசினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். மெலிந்த, நேரான ஒலியே அங்கே தெளிவு தரும். 1928 முதல் கிறிஸ்துமஸ் ஆராதனை பிபிசி வானொலியில் ஒலிபரப்பாகத் தொடங்கியதும், ஒரு கட்டடத்தின் தேவை தேசத்தின் ருசியாகிவிட்டது. செயின்ட் ஜான்ஸ் சிற்றாலயம் கில்பர்ட் ஸ்காட் கட்டியது, 1869-ல் திறக்கப்பட்டது. அங்கே எதிரொலி அவ்வளவு இல்லை, குரலே எல்லா வேலையையும் செய்தாக வேண்டும். இசையமைப்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1951-ல் செயின்ட் பால்ஸுக்காக மரியாள் பாடலும் சிமியோன் பாடலும் எழுதிய ஹெர்பர்ட் ஹவல்ஸ், அந்தக் குவிமாடத்தின் நீண்ட எதிரொலியைக் கருதியே சுரக்கோவை மாற்றங்களைத் தள்ளித் தள்ளி வைத்தார்.

மீதிக் கால்வாசி மனிதர்களின் விருப்பம். அதில் சண்டைக்கு இடமுண்டு. கத்தோலிக்க வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் ஜார்ஜ் மால்கம் 1947 முதல் வளர்த்த கூர்மையான ஒலியில் மயங்கித்தான் பெஞ்சமின் பிரிட்டன் 1959-ல் அந்தச் சிறுவர்களுக்காகவே ஒரு சிறு திருப்பலி இசை எழுதினார். கெஸ்ட்டும் அந்தப் பக்கம் காது கொடுத்தவர்.

‘தூய தொனி’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அல்லேக்ரியின் ‘மிசரேரே’ நினைவுக்கு வரும். ரோமில் பிறந்த படைப்பு என்றாலும், சாம்பல் புதனன்று ஆங்கிலப் பேராலயங்களில் அதைப் பாடாமல் இருப்பது அரிது. 1963-ல் கிங்ஸ் அதை ஆங்கிலச் சொற்களில் பதிவு செய்தது. ராய் குட்மன் என்ற சிறுவன் அந்த உச்ச ஸ்வரத்தைத் தொட்டான். ரசிகர்களுக்கு அதுவே பழமை, அதுவே தூய்மை. ஆனால் அந்த உச்ச ஸ்வரம் அல்லேக்ரி எழுதியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பகுதியை நான்காம் ஸ்வர இடைவெளிக்கு உயர்த்தி எழுதிய பிரதி வேறொன்றோடு கலந்து ஓர் இசை அகராதியில் ஏறி, அங்கிருந்து பதிப்புகளுக்குள் புகுந்துவிட்டது. அதை நீக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கும் அந்த இடம் பிடிக்கும். பிடிப்பதற்குப் பழமைச் சான்றிதழ் வேண்டியதில்லை.

ருசியைச் சோதிக்க நான் சொல்லும் இடம் இதுவல்ல, சங்கீதம். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குக் காலையும் மாலையுமாகப் பங்கிட்டிருக்கிறது. 15-ஆம் தேதி மாலையின் பங்கு 78-ஆம் சங்கீதம். எழுபதுக்கு மேற்பட்ட வசனங்கள். பாடகர் குழுவில் இருந்த யாருக்கும் அந்தத் தேதி மறக்காது. ‘சாண்ட்’ எனப்படும் மெட்டோ மிகச் சிறியது. ஒற்றைச் சாண்ட் என்றால் பத்தே ஸ்வரம். முதல் ஸ்வரத்தில் நின்றபடி எத்தனை சொல் வந்தாலும் சொல்லி முடிக்க வேண்டும், பிறகு மூன்று ஸ்வரம் நகர்ந்து பாதி வசனத்தில் நிற்க வேண்டும். அடுத்த பாதிக்கு மறுபடி ஒரு நிலை ஸ்வரம், ஐந்து நகர்வு. இரு வரிசையும் வசனம் வசனமாக மாறி மாறிப் பாடும்.

பழைய வழக்கத்தில் நிலை ஸ்வரத்துச் சொற்களைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, ஓர் அசையில் பொத்தென்று இடித்து, மிச்சத்தைத் தாளத்தில் நடத்துவார்கள். இருபதாம் நூற்றாண்டில் பேச்சு நடையில் பாடும் முறை வந்து அந்த இடியைப் போக்கியது. வில்காக்ஸின் சங்கீத இசைத்தட்டுகள் அதன் உச்சம் என்பது என் அபிப்பிராயம். ஹவல்ஸுக்குக் கெஸ்ட்டிடம் போகும் நான் சங்கீதத்துக்குக் கிங்ஸிடமே போவேன். வில்காக்ஸைப் பின்பற்றிய சிலர் எல்லாவற்றையும் இழைத்து இழைத்து, சாபச் சங்கீதத்தையும் தாலாட்டாக்கினார்கள். பாதி வசனத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதிலும் சச்சரவு உண்டு. எதிரொலி அடங்கும்வரை நிற்பது கல் மண்டபத்தில் நியாயம். கம்பளம் விரித்த சின்னத் தேவாலயத்திலும் அதே நேரம் நின்றால் அது வெறும் பாவனை.

சுருதி விவகாரத்தை மதிய அமர்வு விரிவாக எடுத்துக்கொள்ளும். ட்யூடர் காலப் பாடல்களை உயர்த்திப் பதிப்பித்ததால் உச்சக்குரல் விண்ணில் பறந்தது. டேவிட் வுல்ஸ்டனின் குழுவும், 1973-ல் பீட்டர் ஃபிலிப்ஸ் தொடங்கிய டாலிஸ் ஸ்காலர்ஸும் அந்த இடத்தில் பெண் குரல்களை வைத்தன. பேராலயச் சிறுவனின் ஒலியைப் பார்த்துப் பெண்கள் பழகினார்கள், பிறகு அந்தப் பெண்களின் இசைத்தட்டைக் கேட்டுப் பேராலயங்கள் தங்களைத் திருத்திக்கொண்டன.

சிறுமியர் பற்றிய வாதமும் இதோடு சேர்ந்ததே. சாலிஸ்பரி 1991-ல் சிறுமியர் குழுவைத் தொடங்கியபோது மரபு செத்தது என்று எழுதினார்கள். வெல்ஸ் நகரப் பேராலயத்தின் சிறுவரையும் சிறுமியரையும் பதிவு செய்து, யார் பாடுகிறார்கள் என்று கேட்போரைச் சொல்லச் சொன்ன ஆய்வு 2002-ல் வெளியானது. ஊகத்தைவிடச் சற்று மேலாகத்தான் கண்டுபிடித்தார்கள். அதுவும் எந்தப் பாடல் என்பதைப் பொறுத்து மாறியது. 2022-ல் கெஸ்ட்டின் செயின்ட் ஜான்ஸே சிறுமியரையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. சிறுவர்கள் மட்டுமே பாடும் குழுக்கள் தொடரக் கூடாது என்பது என் கட்சியல்ல. தொடர விரும்புகிறவர்கள், ‘எங்களுக்கு இந்த ஒலி பிடித்திருக்கிறது’ என்று சொல்லட்டும். டாலிஸைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

இந்த இரண்டு நாளும் கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘மரபான தொனி’ என்று எழுதியிருந்தால், எந்தக் கட்டடம், எந்த ஆண்டு, எந்த இயக்குநர் என்பதையும் உடன் சொல்லிவிடுங்கள். இசைத்தட்டைப் போட்டுக் காட்டப் போகிறவர்கள் ஒலிபெருக்கியை முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். இந்த அரங்குக்கு எதிரொலி என்பதே கிடையாது. முதல் கட்டுரை சாண்ட் பாடும் முறை பற்றியது. கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.