சித்தூரிலிருந்து வந்த குரல்

(சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடகிகள், நடிகைகளைப் பற்றிப் பேசும்படி செயலாளர் சொன்னார். பாலக்காட்டுக்காரர்கள் நிறைந்த சபை என்பதால் பி. லீலாவை எடுத்துக்கொண்டேன். நம்மில் பலருடைய அகங்களில் விடியற்காலையில் நாராயணீயம் ஒலிக்கிறது. மேல்பத்தூர் நாராயண பட்டதிரி 100 தசகங்களில், 1036 சுலோகங்களாக அருளிய அந்த ஸ்தோத்திரம் என்றாலே நம் காதில் நிற்பது லீலாவின் குரல். பூந்தானத்தின் ஞானப்பானையும் அப்படியே. குரல் தெரியும். பாடியது யார் என்று பேரன் கேட்டால் கொஞ்சம் யோசிப்போம்.

1934-ல் சித்தூரில் பிறந்தவர். மலையாளமும் கோயம்புத்தூர்த் தமிழும் கலந்து புழங்கும் ஊர் அது. (நாம் பேசுகிற தமிழைக் கேட்டு மதராஸ்காரர்கள் சிரிப்பது இருக்கட்டும்!) தகப்பனார் குஞ்சன் மேனனுக்கு மூன்று பெண்கள். மூவரும் சங்கீதம் கற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. லீலாவைச் சென்னைக்கு அழைத்து வந்து வடக்கஞ்சேரி ராம பாகவதரிடம் சேர்த்தார். செம்பை வைத்தியநாத பாகவதரிடமும் பாடம் உண்டு.

ஆனால் அதே தகப்பனார், மகள் சினிமாவில் பாட முதலில் சம்மதிக்கவில்லை. கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியைச் சேர்ந்த ஓர் ஐயர் எடுத்துச் சொல்லித்தான் மனம் மாறினார். 1948-ல் வந்த 'கங்கணம்' படத்தில் பாடியபோது லீலாவுக்குப் பதிமூன்று வயதுதான். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடினார். பிறகு தமிழ், தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் கொடி கட்டிப் பறந்தார். 1955-ல் 'மிஸ்ஸியம்மா'. 1958-ல் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்': பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடிய நடனத்துக்கு லீலாவும் ஜிக்கியும் பாடினார்கள். 1963-ல் 'லவகுசா'வில் பி. சுசீலாவோடு சேர்ந்து பாடியதை நினைத்தால் எனக்கு இன்றும் கண் கலங்கும். 1968-ல் நடிகை சாவித்திரி முதன்முதலாக டைரக்ட் செய்த 'சின்னாரி பாப்பலு' தெலுங்குப் படத்துக்கு இசையமைத்ததும் லீலாதான். ஒரு பெண் டைரக்டர், ஒரு பெண் இசையமைப்பாளர், அதுவும் அந்தக் காலத்தில்! மறு வருஷத்துப் படமான 'கடல்பாலம்' அவருக்குக் கேரள அரசின் சிறந்த பாடகி விருதை வாங்கித் தந்தது.

நம் அக்ரஹாரங்களில் ஞானமுள்ள பெண்கள் குறைவாகவா இருந்தார்கள்? பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு கீர்த்தனை, நவராத்திரிக் கொலுவில் இரண்டு பாட்டு, அதோடு சரி. டி.கே. பட்டம்மாள் 1930-களில் மேடையேறியபோது பிராமணப் பெண் சபாவில் கச்சேரி செய்வது அபூர்வம். பட்டம்மாளுக்கும் லீலாவுக்கும் வீட்டார் வழிவிட்டார்கள். நம் பாட்டிகளுக்கு யாரும் வழிவிடவில்லை.

இப்போது காலம் மாறிவிட்டதே என்பீர்கள். வித்யா பாலனைப் பாருங்கள். மும்பையில் வளர்ந்த நம் பாலக்காட்டுப் பெண், சமூகவியலில் பட்டம் பெற்றவர். வீட்டில் தடையில்லை. மோகன்லாலுடன் நடித்துக்கொண்டிருந்த 'சக்கரம்' நடுவில் நின்றுபோனது. நின்றதற்கு அவர் காரணமில்லை. ஆனாலும் ராசியில்லாத நடிகை என்று பேர் கட்டி, கையிலிருந்த மற்றப் படங்களிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். தமிழில் 'ரன்' படத்திலும் அவருக்குப் பதிலாக வேறொருவர் நடித்தார். 2005-ல் 'பரிணீதா' வரும்வரை அந்தப் பேர் போகவில்லை. பிறகு 'தி டர்ட்டி பிக்சர்' படத்துக்கு தேசிய விருது, 2014-ல் பத்மஸ்ரீ. 'ராசி' என்ற சொல்லை சினிமாக்காரர்கள் எங்கிருந்து எடுத்தார்கள்? மாட்டுப்பெண் வந்த வேளை சரியில்லை என்று நம் வீடுகளில் சொல்லவில்லையா? மாமிகள் சிரிக்கிறீர்கள், கேட்ட அனுபவம் எல்லோருக்கும் இருக்கிறது.

லீலா 2005 அக்டோபர் 31-ம் தேதி சென்னையில் காலமானார். மத்திய அரசின் பத்மபூஷண் 2006-ல்தான் வந்தது. கையில் வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அடுத்த ஏகாதசிப் பாராயணத்துக்கு நாராயணீயம் போடும்போது, "பாடுவது சித்தூர் பி. லீலா" என்று குழந்தைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள்.