முடிவு தெரிந்த தேர்தலில் நம் கடமை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்னிசையும் நாடகமும் குழந்தைகளின் கோலாட்டமும் காத்திருக்கின்றன. இவற்றுக்கு நடுவே தேர்தலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் பெரும் படிப்புப் படித்தவரல்லர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராய்ச் சேர்ந்து, கோப்புகளோடு காலம் கழித்து வருகிறோம். ஆயினும் மனத்தை நெடுநாள் உறுத்திய ஒன்றை நம்மவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முதலில் ஓர் எல்லைக் கோடு. 1966ஆம் ஆண்டின் இரயில்வே ஊழியர் நடத்தை விதிகளின்படி நாம் எந்தக் கட்சிக்காகவும் வாக்குக் கேட்கலாகாது. வாக்களிக்கும் உரிமை உண்டு. ஆனால் யாருக்கு அளித்தோம் என்பதைக் குறிப்பாலும் காட்டலாகாது. ஆகவே எந்தக் கட்சி நல்லது, எது தீயது என்ற ஆராய்ச்சி இவ்வுரையில் இராது. “முடிவுதான் முன்பே தெரியுமே, நாம் போய் என்ன ஆகப்போகிறது?” என்று நம் காலனியில் வழங்கும் பேச்சைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறோம்.

நாம் வாழும் குஜராத் மாநிலம் ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கும் மாநிலம் என்பது உண்மை. பேரவையில் இடங்கள் 182. 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி 156 இடங்களைப் பெற்றது. காங்கிரஸ் 17, ஆம் ஆத்மி கட்சி 5. பத்தில் ஒரு பங்கு இடங்களேனும் இல்லாமையால், எதிர்க்கட்சித் தலைவர் என்ற தகுதிகூட எவருக்கும் வழங்கப்படவில்லை.

ஆனால் பெரியவர்கள் நினைவுகூர வேண்டிய மற்றொன்றும் உண்டு. 1985இல் இதே பேரவையில் காங்கிரஸ் 149 இடங்களைப் பெற்றது. இனி இவர்களை அசைப்பார் இல்லை என்று அன்று பேசினார்கள். ஐந்தே ஆண்டுகள் கழிந்தன. 1990இல் அக்கட்சி 33 இடங்களுக்கு இறங்கிற்று. ஒரு பக்கம் சாய்ந்த மாநிலம் என்றும் அப்படியே இருக்கும் என்று யாரும் முத்திரையிட்டுத் தரவில்லை. சாய்வதும் நிமிர்வதும் வாக்காளர் கையில்தான்.

இனி, காலி இடம் என்பதைப் பார்ப்போம். நம் அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்றால் அவ்விடத்திற்கு யார் வருவார் என்று எவ்வளவு பரபரப்பு! தொகுதியும் அத்தகையதே. பழைய உறுப்பினர் மீண்டும் நிற்காதபோது அந்த நாற்காலிக்குப் பழகிய முகம் இல்லை. வருபவர் யாராயினும் புதியவர். ஒரு பக்கம் சாய்ந்த மாநிலத்தில் இத்தகைய காலியிடங்கள் பல தோன்றுகின்றன. 2022இல் காலஞ்சென்ற முன்னாள் முதலமைச்சர் விஜய் ரூபானி உள்ளிட்ட மூத்தோர் பலர் தாம் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தனர். ஆளுங்கட்சியின் முதற்பட்டியலிலேயே நாற்பதுக்கு அண்மையான உறுப்பினர்க்கு மறுவாய்ப்பு இல்லை. சபர்மதியிலும் மணிநகரிலும்கூட அம்முறை புதியவரே நிறுத்தப்பட்டார்.

இவ்விடத்தில்தான் மெய்யான போட்டி எங்கே நடக்கிறது என்பதை உணர வேண்டும். கட்சி வெல்வது உறுதி என்றால், உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது வாக்குப்பதிவு நாளன்று; கட்சி டிக்கெட் கிடைக்கும் நாள். அமெரிக்க நாட்டில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கவே வாக்காளர்க்கு ஒரு முதல்நிலைத் தேர்தல் உண்டு. அங்கே ஒருபக்கச் சாய்வுள்ள மாநிலங்களில் காலியிடத்திற்கான உண்மைப் போட்டி அதிலேயே முடிந்துவிடுவது வழக்கம். நம் நாட்டில் அந்த முறை இல்லை. நாம் விற்கும் டிக்கெட்டுக்காவது சாளரத்தின் முன் வரிசை உண்டு. அந்த டிக்கெட் கிடைக்கும் சாளரம் எந்த நிலையத்தில் இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது!

அப்படியானால் வாக்காளனுக்கு வேலையே இல்லையா? உண்டு. டிக்கெட் கொடுப்பவர் கணக்குப் பார்த்தே கொடுக்கிறார். எந்தச் சாவடியில் எத்தனை பேர் வந்தார்கள், எந்தத் தெருவினர் வரவே மாட்டார்கள் என்பதெல்லாம் அவர்கள் ஏட்டில் இருக்கிறது. வராத தெருவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. வருகிற தெருவை வெல்கிற கட்சியும் மறப்பதில்லை. தோற்கிற கட்சியும் மறப்பதில்லை.

நடந்த ஒன்றைச் சொல்கிறோம். 2022 டிசம்பர் 5ஆம் நாள் அகமதாபாதில் வாக்குப்பதிவு. நகரின் கிழக்குப் பகுதியில் ஒரு சாவடியில் நமக்குத் தேர்தல் பணி. விரலில் மை இடுவதும், பதிவேட்டில் கையொப்பம் பெறுவதும் நம் பொறுப்பு. நண்பகலில் சாவடி வெறிச்சோடிக் கிடந்தது. அப்போது எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் தம் பேத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு வந்தார். முதல் அலுவலர் பட்டியலை இருமுறை புரட்டிவிட்டுப் பெயர் இல்லை என்றார். நாம் தமிழில் விசாரித்ததும் அம்மையாரின் முகம் மலர்ந்தது.

“தமிழ்ப் பிள்ளையா! நல்லதாய்ப் போயிற்று. பெயர் இல்லை என்கிறாரே, அட்டை இருக்கிறதே தம்பி!” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையை நீட்டினார். அது தமிழ்நாட்டில் அவருடைய கிராமத்தில் கொடுத்த அட்டை. ஆலை வேலைக்கு வந்த கணவரோடு இங்கே குடியேறி நாற்பது ஆண்டுகள் ஆயினவாம். “அம்மா, அட்டை இருந்தால் போதாது, இந்த ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்” என்றோம். “அப்படியானால் நான் எந்த ஊர்க்காரி தம்பி?” என்று கேட்டுவிட்டு, மை படாத விரலோடு திரும்பிப் போனார்.

அந்தக் கேள்வி நம்மைச் சுட்டது. ஏனெனில் அன்று நம் சட்டைப் பையில் இருந்ததும் தமிழ்நாட்டு அட்டைதான். தேர்தல் பயிற்சி வகுப்பில் உடன் பணியாற்றுவோர் அனைவரும் அஞ்சல் வாக்குக்கு விண்ணப்பித்தபோது, நாம் மட்டும் வாளாவிருந்தோம். பதினெட்டு ஆண்டுகளாக இம்மாநிலத்தின் தண்ணீரைக் குடிக்கிறோம், சாலையில் நடக்கிறோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். பெயர் மட்டும் ஊரில். ஊருக்குப் போய் வாக்களித்தோமா என்றால் அதுவும் இல்லை. விடுப்பும் கிடைத்ததில்லை, முன்பதிவும் கிடைத்ததில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பது நம் நிலைக்கே சொன்னது போலும். வந்தவர் விரலுக்கெல்லாம் மையிட்ட கைக்கு மை இல்லை!

“வாக்களித்துத்தான் என்ன மாறிவிடும்?” என்போர்க்கு இரண்டு இடங்களைக் காட்டுகிறோம். ஒன்று, நம் அகமதாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த தோல்கா. 2017இல் அங்கே வெற்றி தோல்வியைத் தீர்த்தவை 327 வாக்குகள். நம் காலனியின் சில வரிசை வீடுகளில் அத்தனை வாக்குகள் இருக்கும்.

மற்றொன்று, ஜூனாகட் மாவட்டத்து விசாவதர். முன்னாள் முதலமைச்சர் கேசுபாய் படேல் நின்று வென்ற தொகுதி. 2022இல் அங்கே வென்ற ஆம் ஆத்மி உறுப்பினர், 2023 டிசம்பரில் பதவியைத் துறந்து பின்னர் ஆளுங்கட்சியில் சேர்ந்தார். தேர்தல் வழக்கு நிலுவையில் இருந்தமையால் உடனே இடைத்தேர்தல் வரவில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அத்தொகுதி மக்களுக்குப் பேரவையில் வாயில்லை. 2025 ஜூன் 19இல் வாக்குப்பதிவு நடந்தது. 156 இடங்களைப் பெற்ற கட்சி ஆளும் மாநிலத்தில், அம்மக்கள் மீண்டும் ஆம் ஆத்மி வேட்பாளரையே 17,554 வாக்குகள் மிகுதியாய் அளித்துத் தேர்ந்தெடுத்தனர். அதே நாளில் தேர்தல் நடந்த கடி தொகுதியிலோ ஆளுங்கட்சியே வென்றது. இரண்டில் எது சரி என்பது நம் பேச்சன்று. முடிவு முன்பே எழுதப்பட்டது என்று இரண்டு ஊராரும் வீட்டில் படுத்துவிடவில்லை என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

வாக்களிக்க வாய்ப்பே இல்லாமற் போனால் எப்படி இருக்கும் என்பதையும் இம்மாநிலமே காட்டிற்று. 2024 மக்களவைத் தேர்தலில் சூரத் தொகுதியில் ஒருவரின் மனு தள்ளுபடியாயிற்று, மற்றவர்கள் விலகிக்கொண்டனர், எஞ்சிய ஒருவர் போட்டியின்றித் தேர்வானார். அத்தொகுதியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் உட்பட ஒருவரும் அன்று வாக்களிக்க முடியவில்லை. கிடைக்காதபோதுதான் அதன் அருமை தெரிகிறது. கிடைக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? 2022இல் காந்திதாம் தொகுதியில் வாக்களித்தவர் பாதிக்கும் குறைவு.

“நாம் இரயில்வே ஊழியர், வீடு மத்திய அரசின் வீடு, சம்பளம் மத்திய அரசின் சம்பளம், மாநிலத் தேர்தல் நமக்கு எதற்கு?” என்பது மற்றொரு வாதம். ஓய்வு பெற்ற பின் இந்தக் குடியிருப்பை விட்டு இறங்க வேண்டியவர்கள்தாமே நாம்? பின்னர் குடும்ப அட்டை, சாதிச் சான்று, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் மாநிலத்திடம்தான்.

பள்ளி என்றதும் நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது. மணிநகரில் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி ஒன்று இருந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்தமையைக் காட்டி 2020இல் அது மூடப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் அன்றைய தமிழ்நாட்டு முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அவர்கள் குஜராத் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதி, பள்ளியைத் தொடர்ந்து நடத்துமாறும், செலவைத் தமிழ்நாடு ஏற்கும் என்றும் தெரிவித்தார். நல்ல செயல், நன்றி பாராட்ட வேண்டியது. ஆனால் நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம்: நம் பிள்ளைகளை அப்பள்ளிக்கு அனுப்பியவர் நம்மில் எத்தனை பேர்? நம் தொகுதி உறுப்பினரின் வாயிலில் போய் நின்றவர் எத்தனை பேர்? போயிருந்தாலும், “உங்கள் பெயர் எந்தப் பட்டியலில்?” என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? அந்தக் கதவு மூடியதில் நம் கையும் இருந்தது.

இப்போதைய பேரவையின் ஐந்தாண்டுக் காலம் 2027 இறுதியில் முடிகிறது. எந்தெந்தத் தொகுதியில் பழையவர் நிற்பார், எங்கே இடம் காலியாகும் என்பது வேட்பாளர் பட்டியல் வரும் நாளில்தான் வெளியாகும். அதற்கு முன் நாம் செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, பெயர். ஒருவர் பெயர் ஒரே தொகுதியில்தான் இருக்கலாம். இரண்டு இடத்தில் வைத்துக்கொள்வது சட்டத்திற்கு முரண். 2025 நவம்பரில் தமிழ்நாடு, குஜராத் இரண்டிலும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கிற்று. ஊரில் இல்லாதவர் பெயரை அங்கே நீக்குவதும் அப்பணியில் அடங்கும். அங்கே நீங்கி, இங்கே ஏறாவிட்டால் நாம் எங்கும் இல்லாதவர் ஆவோம். ஆகவே ஒவ்வொருவரும் பட்டியலைப் பார்க்க வேண்டும். இடம் மாறியவர்க்குப் படிவம் 8. புதிதாய்ச் சேர்வோர்க்குப் படிவம் 6. பதினெட்டு நிரம்பும் பிள்ளைகளுக்கு இப்போது ஆண்டில் நான்கு தகுதி நாட்கள் உண்டு. அடையாள அட்டை பையில் இருந்தாலும் முன்பதிவுப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் படுக்கை இல்லை என்பதை நம் இனத்தவர்க்கு விளக்க வேண்டுமா?

இரண்டாவது, கேள்வி. காலியிடத்திற்கு வரும் புதியவர் நம்மை அறியார். நாமும் அவரை அறியோம். பழையவரிடம் கேட்டால் “பார்க்கலாம்” என்பார். புதியவர் கேட்க வேண்டிய நிலையில் இருக்கிறார். தமிழ்வழிப் பள்ளியோ, மாலை நேரத் தமிழ் வகுப்பிற்கு ஒரு பள்ளி அறையோ எதுவாயினும், நம் தேவையை ஒரே தாளில் குஜராத்தி மொழியில் எழுதி, நிற்கின்ற எல்லாக் கட்சியினரிடமும் ஒரே விதமாய் அளிக்கலாம். விதிக்குக் கட்டுப்பட்ட ஊழியர் ஒதுங்கி நிற்க, ஓய்வு பெற்றவர்களும் தாய்மார்களும் இதை முன்னின்று செய்யலாம்.

மூன்றாவது, வருகை. வாக்குப்பதிவு நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. அது உறங்குவதற்குக் கொடுத்ததன்று. எவரையும் விரும்பாதவர்க்கும் 2013 முதல் பொறியில் தனிப் பொத்தான் இருக்கிறது. விருப்பமின்மையையும் போய்த்தான் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்தால் அது சோம்பல் என்றே கணக்கில் ஏறும்.

நம் தரப்பில் ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். அந்த டிசம்பருக்குப் பின் நம் வீட்டார் அனைவரும் பெயரை இங்கே மாற்றிக்கொண்டோம். 2024 மே 7இல் முதன்முதலாக இம்மண்ணில் வாக்களித்தோம். ஊரை விட்டுவிட்டோமோ என்று மனம் சற்றுக் கலங்கிற்று. ஆனால் தாய்மொழி நெஞ்சில் இருக்கிறது. அதை எந்தப் பட்டியலும் நீக்காது. வாக்கு மட்டும் வாழும் ஊருக்கு உரியது. அந்த அம்மையாரை மீண்டும் சந்தித்தால் இன்று மறுமொழி உண்டு: “அம்மா, நீங்கள் இந்த ஊர்க்காரி. வாருங்கள், பெயரை எழுதுவோம்.”

விழா முடிந்ததும் வாயிலருகே மேசை போட்டுப் படிவங்களோடு நம் சங்க இளைஞர் இருவர் அமர்ந்திருப்பார்கள். சிற்றுண்டிக்குச் செல்லுமுன் அம்மேசையருகே ஒரு நிமிடம் நின்று செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வாழ்க பாரதம்!