தர்மம் மட்டும் போதுமா?

(கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



மதுரை ரயில் நிலையத்தை அடுத்த ஹார்வி மில்லை நாம் எல்லோரும் அறிவோம். அப்படிப்பட்ட பஞ்சாலைகள் முதலில் எழுந்தது இங்கிலாந்தில். அங்கே ஏழெட்டு வயதுப் பிள்ளைகளும் விடியல் முதல் இரவுவரை இயந்திரங்களுக்கிடையே உழைத்தார்கள். தர்மவான்கள் அப்போதும் இருந்தார்கள். கஞ்சி ஊற்றினார்கள், ஞாயிறு பள்ளி நடத்தினார்கள். பிள்ளைகள் ஆலைக்குப் போவது நிற்கவில்லை. 1833-ல் வந்த சட்டம்தான் 9 வயது நிறையாதவர்களைப் பெரும்பாலான நெசவாலைகளில் சேர்க்கத் தடை விதித்தது. கண்காணிக்க இன்ஸ்பெக்டர்களையும் நியமித்தது.

1842-ல் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு வாக்குரிமை கேட்டார்கள். பாராளுமன்றம் மறுத்தது. ஆனால் 1847-ல் பெண்களுக்கும் இளையோருக்கும் 10 மணி நேர வேலைச் சட்டம் கிடைத்தது. மறு ஆண்டே பாரிஸ், வியன்னா, பெர்லின் நகரங்களில் புரட்சி வெடித்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க், தொழிலாளர்கள் சோஷலிஸ்டுகள் பக்கம் போய்விடக் கூடாதென்றே 1883-ல் நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார்.

நம் நாட்டின் 1881-ஆம் ஆண்டு ஆலைச் சட்டம் 7 வயது நிறையாதவர்களை மட்டுமே தடுத்தது. 1918-ல் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் மதுரை ஆலைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது.

இதை ஏன் சொல்கிறோம்? குறை நம்மிடமும் இருக்கிறது. சென்ற ரமலானில் ஒரு வீட்டுக்கு அரிசி கொடுத்துத் திரும்பினோம். அந்த வீட்டின் 13 வயதுப் பையன் படிப்பை விட்டுப் பட்டறைக்குப் போவதை மூன்று மாதம் கழித்தே அறிந்தோம். அவனுடைய அத்தா சுமை தூக்கும் தொழிலாளி. முதுகில் அடிபட்டுக் கிடந்தார். நலவாரியத்தில் பதிவு செய்திருக்கவில்லை. பதிவு செய்தவர்களுக்கு விபத்து உதவியும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் உண்டு. அதை அவருக்கு எடுத்துச் சொல்ல நாம் தவறிவிட்டோம்.

பையன் இப்போது பள்ளிக்குப் போகிறான், அல்ஹம்துலில்லாஹ். இனி ஜகாத் கொடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கேள்விகள் கேட்போம்: பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா? நலவாரிய அட்டை இருக்கிறதா? இல்லையென்றால் விண்ணப்பத்தை நாமே எழுதிக் கொடுப்போம்.

பட்டறை, கடை நடத்தும் சகோதரர்களும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 'ஏழைப் பிள்ளை, பிழைத்துப் போகட்டும்' என்று தயவு செய்து சொல்லாதீர்கள். அத்தாவுக்கு வேலை கொடுங்கள். முழுக் கூலியையும் அன்றே கொடுங்கள். பிள்ளையின் படிப்புச் செலவை, இன்ஷா அல்லாஹ், நாம் சேர்ந்து ஏற்போம்.

அல்லாஹ் நம் அமல்களை ஏற்றுக்கொள்வானாக. வஸ்ஸலாம்.