வலையா, உறிஞ்சலா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஒருவருக்கு வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டால், "திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போங்க" என்றுதான் பல வீடுகளில் பேச்சு எழும். அப்படிச் சொல்பவர்களில் நிறையப் பேர் மனதில் இருப்பது ஸ்ரீசித்ரா. திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973இல் கொடுத்த கட்டடத்திலிருந்து வளர்ந்து, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய நிறுவனமான மருத்துவமனை அது. தானே உருவாக்கிய இதய வால்வை 1990இல் நோயாளிக்குப் பொருத்திய இடமும் அதுதான்.

ஸ்ரீசித்ரா மட்டுமல்ல, எந்தப் பெரிய ஆஸ்பத்திரியானாலும் பக்கவாத நோயாளியின் வீட்டார் குழம்பும் ஓர் இடம் உண்டு. மூளையின் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியை எடுக்க ஒரு டாக்டர் தொடை வழியாகக் குழாய் விடுகிறார், இன்னொருவர் மணிக்கட்டு வழியாக. ஒருவர் முழு மயக்கம் கொடுக்கிறார், இன்னொருவர் லேசாகத் தூங்க வைத்தால் போதும் என்கிறார். ஒருவர் வலை போடுகிறார், ஒருவர் உறிஞ்சி எடுக்கிறார். அப்படியானால் யாரோ ஒருவர் தப்பாகச் செய்கிறார் என்றுதானே தோன்றும்?

கட்டியைக் கரைக்க ஊசி மருந்து உண்டு. ஆனால் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் பெரும்பாலும் மருந்து மட்டும் போதாது. குழாய் விட்டுக் கட்டியையே வெளியே எடுத்தால் ஊனம் குறையும் என்பதை நெதர்லாந்தில் தொடங்கி ஐந்து பெரிய ஆய்வுகள் 2015இல் அடுத்தடுத்து நிறுவின. த்ராம்பெக்டமி என்கிற இந்தச் சிகிச்சை அதன் பிறகுதான் உலகெங்கும் வழக்கத்துக்கு வந்தது.

வலை என்பது நிட்டினால் என்ற உலோகக் கம்பியில் பின்னிய ஸ்டென்ட். மயிரிழை போன்ற கம்பியைக் கட்டிக்குள் நுழைத்து, அதன் மேல் நுண்குழாயை ஓட்டி, கட்டியின் மறுபக்கம் போய் ஸ்டென்டை விரிக்கிறார்கள். சில நிமிடம் அப்படியே விட்டால் கட்டி கம்பிகளுக்குள் சிக்கும். பிறகு மெதுவாக இழுக்க வேண்டும். உறிஞ்சும் முறையில் கட்டியைத் தாண்டிப் போக வேண்டியதில்லை, குழாயின் முனை கட்டியைத் தொட்டால் போதும். இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ரா முனையில் வழுக்கை ஒட்டிக்கொள்ளும் இல்லையா? உறிஞ்சுவதை விடாமல் ஸ்ட்ராவை வெளியே எடுத்தால் வழுக்கையும் கூடவே வரும். அதே கதைதான்.

இரண்டில் எது மேல் என்று பிரான்சில் 381 நோயாளிகளிடம் பார்த்தார்கள். ரத்த ஓட்டம் திரும்பியது உறிஞ்சலில் 100க்கு 85 பேருக்கு, வலையில் 83 பேருக்கு. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். அமெரிக்க ஆய்வும் 2019இல் உறிஞ்சல் பின்தங்கவில்லை என்றது. சரி, இரண்டையும் சேர்த்தே ஆரம்பித்தால்? 2021இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் அதிலும் தெளிவான லாபம் தெரியவில்லை.

ஐரோப்பாவில் இது கல்விசார்ந்த விவாதம். நம் ஊரில் இது பில் தொகையும்கூட. இந்தச் சாமான்கள் பெரும்பாலும் இறக்குமதி, விலை லட்சக்கணக்கில் போகும். முதலிலேயே இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதா, ஒன்றை முயன்று பார்த்து முடியாவிட்டால் அடுத்ததை எடுப்பதா என்பதை இங்குள்ள டாக்டர் நோயாளியின் பையையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். பலன் சமம் என்னும்போது அது நியாயமான கணக்கு என்றே நினைக்கிறேன்.

மயக்க மருந்து விஷயத்திலும் பழைய நம்பிக்கை ஆடிப்போனது. முழு மயக்கம் கெடுதல் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். ஜெர்மனி, சுவீடன், டென்மார்க் ஆய்வுகளில் முழு மயக்கம் கொடுக்கப்பட்டவர்கள் பின்தங்கவில்லை. ஆனால் எல்லாப் பழக்கத்தையும் கைவாகு என்று விட்டுவிட முடியாது. கட்டியை இழுக்கும்போது கழுத்து ரத்தக்குழாயில் பலூனை ஊதி ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்துவது நல்லது என்று பலர் நம்பிச் செய்துவந்தார்கள். சீனாவில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில் பலூன் வைக்கப்பட்டவர்கள் மீண்டது குறைவு. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள்.

நம் உடம்பிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மூளைக்குள் இருக்கும் ரத்தக்குழாயிலேயே கொழுப்பு படிந்து குறுகிப்போவது ஐரோப்பியர்களைவிட ஆசியர்களிடம் அதிகம். அப்படிப்பட்டவருக்குக் கட்டியை எடுத்த கொஞ்ச நேரத்திலேயே அதே இடம் மறுபடி அடைக்கலாம். அப்போது பலூனால் விரிப்பதா, ஸ்டென்டை உள்ளேயே வைத்துவிடுவதா என்று மேசையில் வைத்தே தீர்மானிக்க வேண்டும். இதயத்திலிருந்து பறந்து வந்த கட்டிக்கு இந்தப் பிரச்சினை பெரும்பாலும் கிடையாது.

முறைகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தைவிட நேரத்தின் வித்தியாசம் பெரிது. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. 2005இல் ஆறு மாதம் நடந்த திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேட்டில் 541 பேர் பதிவானார்கள். 28 நாளுக்குள் இறந்தவர்கள் நகரத்தில் 100க்குச் சுமார் 25 பேர், கிராமத்தில் 37 பேர். காரணங்கள் பல இருக்கலாம், தூரத்துக்கும் அதில் பங்கில்லாமல் போகாது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. களியக்காவிளையும் நெய்யாற்றின்கரையும் பாலராமபுரமும் தாண்ட எவ்வளவு நேரமாகும் என்று அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். கரைக்கும் மருந்தையும் முதல் 2 மணி 20 நிமிடத்துக்குள் கொடுத்தால்தான் த்ராம்பெக்டமிக்கு மேல் தெளிவான கூடுதல் பலன் என்று 2024இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். அதனால் சிடி ஸ்கேனும் ஊசியும் பக்கத்திலேயே கிடைக்குமானால் அங்கே போட்டுக்கொண்டு கிளம்புவதே புத்தி.

குழாய் விடும் அறையான கேத் லேப் வாசலில் "வலையா, உறிஞ்சலா" என்று டாக்டரைக் கேட்டுப் பயனில்லை. அவர் உங்களைக் கேட்பார்: கடைசியாக நல்லபடியாக இருந்தது எப்போது? காலை ஆறு மணிக்கு விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரம் இல்லை, ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டுப் பேசிவிட்டுப் படுத்தாரே, அந்த நேரம். 2018 முதல், ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளை மிச்சமிருந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்கிறார்கள். அடுத்து, ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்பார். 108க்குப் போன் செய்துவிட்டு, ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்த மாத்திரை அட்டையைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.