கடுக்காய் மூட்டையும் நம்ம ஆப்பும்

போன எபிசோடுக்கு அப்புறம் சிங்கப்பூர், துபாய்னு இருக்கிற நம்ம சங்கராபுரம் பசங்க நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தாங்க. கல்வராயன் மலைக் குடும்பங்களுக்கு மாசாமாசம் பணம் அனுப்பலாமா, இல்ல ஒரு சமூகத் தொழில் மாதிரி ஆரம்பிக்கலாமான்னு.

ரெண்டு வருஷம் முன்னாடி நானும் இதே ஆசையில ஒரு ஆப் எழுதினேன். தேன், சாமை, புளி, கடுக்காய்னு போட்டோ போட்டு, சென்னைக்காரங்க நேரடியா வாங்குற மாதிரி. வெள்ளிமலை பக்கம் ஒரு அக்காகிட்ட போனைக் காட்டினேன். பொறுமையா பார்த்துட்டு, "எடை யாரு தம்பி போடுவாங்க? காசு அன்னிக்கே கையில வருமா?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. கடுக்காய் பொறுக்கின அன்னிக்கே வீட்டுக்கு அரிசி வாங்கணும். அதனாலதான் முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்ற விலைக்கு மூட்டை கீழ இறங்குது. இதுல ஆப் என்ன பண்ணும்? மூடிட்டேன்.

பதில் நீலகிரியில கிடைச்சுது. கோத்தகிரியில கீஸ்டோன் பவுண்டேஷன் 1990கள்ல இருந்து பழங்குடி மக்களோட வேலை செய்யுது. அந்த வேலையில இருந்து 2013ல உருவானதுதான் ஆதிமலை பழங்குடியினர் புரொடியூசர் கம்பெனி. காட்டுப் பொருளையும் விளைச்சலையும் பக்குவப்படுத்தி அவங்களே விக்கிறாங்க. 2021ல ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோட ஈக்வேட்டர் பரிசு வாங்கினப்போ சுமார் 1,700 உறுப்பினர்கள், 147 ஊர்கள். பரிசை விடுங்க. கம்பெனி அவங்களோடது, எனக்கு அதுதான் பெருசாப் பட்டுது.

சட்டமே அப்படித்தான் இருக்கு. 2002ல கம்பெனிச் சட்டத்துல வந்த திருத்தப்படி, 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தா இப்படி ஒரு கம்பெனி ஆரம்பிக்கலாம். ஆனா விளைவிக்கிறவங்க, சேகரிக்கிறவங்க, இல்லன்னா அவங்களோட அமைப்புகள் மட்டும்தான் உறுப்பினர் ஆகலாம். துபாய்ல இருக்கிற உங்களுக்கும் பங்கு கிடையாது, கோடு எழுதுற எனக்கும் கிடையாது. முதல்ல கடுப்பாதான் இருந்துச்சு. யோசிச்சா, லாபம் பார்த்ததும் வித்துட்டுப் போற ஆள் உள்ள வரவே முடியாது.

அப்போ உங்க பணம் எதுக்கு? மூட்டை வர்ற அன்னிக்கே கையில காசு கொடுக்க ஒரு முதல் வேணும். அதுக்கு ஒரு டிரஸ்ட் வழியா உதவலாம். இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி மூலமா தந்தா அது வெளிநாட்டு நிதியில சேராது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிட்டவங்க தந்தா சேரும். அப்போ அந்த டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்கணும். அனுப்புறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

போன மாசம் அதே அக்கா ஊர்ல 14 பேர் பெயர் கொடுத்திருக்காங்க. அதுல ஆறு பேருக்கு பான் கார்டு இல்லை. அதனால ஞாயித்துக்கிழமை லேப்டாப்போட மேல போறேன். தராசை யார் வீட்டுல வைக்கிறதுன்னு இன்னும் சண்டை ஓடிட்டுதான் இருக்கு.