நிலையம் நின்ற நிலம் யாருக்கு?

தோழர்களே,

எர்ணாகுளத்தின் பழைய ரயில் நிலையம் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் பின்னால் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. ஷொர்ணூரிலிருந்து அங்கே ரயில் வந்தது 1902இல். கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றுக் கொச்சி மன்னர் பாதை போட்டார் என்ற கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். 1925இல் வைக்கம் செல்லும் வழியில் காந்தி அங்கே இறங்கியதையும் கேட்கிறோம்.

ரயில் வந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, 1913இல், அதே ஊரில் புலையர்கள் கூட்டம் நடத்த முனைந்தார்கள். நிலத்தில் கூட அவர்களுக்கு அனுமதி இல்லை. கிருஷ்ணாதி ஆசானும் பண்டிட் கருப்பனும் முன்நிற்க, வள்ளங்களைச் சேர்த்துக் கட்டிக் காயலின் மேல் கூடினார்கள்.

ரயில் வந்தால் சாதி போய்விடும் என்று நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். பெட்டிக்குள் தளர்ந்த சாதி, இறங்கி நடக்கும் தெருவில் காவல் நின்றது. 1924இல் வைக்கத்தில் பெரியார் சிறை சென்றதும் தெருவில் நடக்கும் உரிமைக்காகத்தான்.

அந்த நிலையத்தை என்றாவது நினைவிடமாக்கினால், மன்னரின் நெற்றிப்பட்டக் கதைக்குப் பக்கத்தில் அந்த வள்ளங்களின் கதையும் எழுதப்பட வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஜெய்பீம்.